குளியல் தொட்டி செய்தவரின் கார்

1928-ஆம் வருடம். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம். உலகத்துக்கே கார் செய்து அனுப்பிக்கொண்டிருந்த ஊர். அங்கே ஒரு தொழிற்பள்ளி. டெட்ராய்ட் ஸ்கூல் ஆஃப் டிரேட்ஸ் என்று பெயர். நம்ம பாலிடெக்னிக் மாதிரிதான். தொழில் கற்றுக்கொண்டு ஏதாவது ஒரு ஃபேக்டரியில் சேர்ந்துவிட வேண்டும் என்று வருகிற பையன்கள்.

உள்ளே நுழைந்தால் என்கொயரி மேஜை. அங்கே ஒரு வயதானவர் உட்கார்ந்திருப்பார். மெலிந்து, லேசாகக் கூன் விழுந்த உடம்பு. எழுபது வயதைத் தாண்டியவர். முன்பு அதே பள்ளியில் பாடம் நடத்தியவர்தான். உடம்பு தளர்ந்துபோனதால் இந்த மேஜைக்கு வந்துவிட்டார். வருகிறவர்களுக்கு விவரம் சொல்வது அவர் வேலை. வீட்டில் ஒரு டெலிபோன் வைத்துக்கொள்ளக்கூட அவருக்கு வசதி இல்லை. கார் எங்கே வாங்குவது?

ஆனால் பள்ளியின் வாசலுக்கு வெளியே ரோட்டில் போகிற கார்களில் எத்தனையோ கார்களின் முகப்பில் அவருடைய பெயர் எழுதியிருந்தது. பியூக்.

அவர்தான் டேவிட் டன்பார் பியூக். ரோட்மாஸ்டர், எலெக்ட்ரா, லெசாப்ர் என்று கப்பல் மாதிரி நீளமான அமெரிக்கக் கார்களைப் பழைய இங்கிலீஷ் படங்களில் பார்த்திருப்பீங்களே, அந்தக் கார்களுக்கெல்லாம் குடும்பப் பெயர் கொடுத்தவர். நம்மில் பலருக்கு பியூக் என்றால் அது ஒரு கம்பெனி. அந்தப் பெயரில் ஒரு மனிதர் இருந்தார், அவரும் நம்மைப் போல ஒர்க்‌ஷாப்பில் கை கறுத்தவர் என்பது எனக்கே இறுதியாண்டில் ஆட்டோமொபைல் பாடத்துக்காக லைப்ரரியைக் குடைந்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு வால்வு மெக்கானிசம் பற்றி நோட்ஸ் எடுக்கப் போனவன், வால்வை விட்டுவிட்டு இந்த மனிதரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பிறந்தது அமெரிக்காவில் இல்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஆர்ப்ரோத் என்கிற ஊர். 1854-ஆம் வருடம் செப்டம்பர் 17-ஆம் தேதி பிறந்தார். குழந்தைக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே குடும்பம் கப்பல் ஏறி டெட்ராய்ட் வந்துவிட்டது. வந்த சில வருடங்களில் அப்பா இறந்துபோனார். அம்மா உழைத்துக் காப்பாற்றினார். படிப்பு பதினைந்து வயதோடு சரி. குழாய், தொட்டி போன்ற தண்ணீர்ச் சாமான்கள் செய்கிற ஒரு கம்பெனியில் பையன் வேலைக்குச் சேர்ந்தான்.

அங்கேதான் அவர் கை பேச ஆரம்பித்தது. 1882-ல் அந்தக் கம்பெனி நொடித்துப் போனபோது, பள்ளித் தோழர் வில்லியம் ஷெர்வுட்டோடு கூட்டுச் சேர்ந்து அதையே எடுத்து நடத்தினார். கம்பெனிக்கு பியூக் அண்ட் ஷெர்வுட் என்று பெயர். பியூக் வேலை செய்கிற இடத்தில் ஒரு பொருள் இருந்தபடியே இருக்காது. புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கிற கருவி செய்தார். கழிப்பறைத் தொட்டிக்குத் தண்ணீர் விடுகிற அமைப்பு செய்தார். 1880-களில் மட்டும் பத்துக்கு மேற்பட்ட பேட்டண்ட் வாங்கினார்.

அதில் பெரியது, வார்ப்பிரும்பு மேல் எனாமல் பூச்சு பிடித்து நிற்கச் செய்த முறை. ஃபவுண்டரியில் காஸ்டிங் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். எனாமல் என்பது ஒருவகைக் கண்ணாடி. அதைத் தூளாக்கி, பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் தூவி, உருக்கி ஒட்ட வைக்க வேண்டும். சூட்டில் இரும்பு ஒரு அளவுக்கு விரியும், கண்ணாடி வேறு அளவுக்கு விரியும். ஆறும்போது இரண்டும் ஒரே மாதிரி சுருங்காவிட்டால் பூச்சு முடிமுடியாக வெடித்துப் பெயர்ந்துவிடும். பியூக் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளை வெளேர் என்று மின்னுகிற குளியல் தொட்டி சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டியதில் அவருக்குப் பங்கு உண்டு. அதோடு நின்றிருந்தால் மனிதர் கோடீஸ்வரராகச் செத்திருப்பார். தொட்டி விற்றுக்கொண்டே இருந்தது, லாபம் வந்துகொண்டே இருந்தது.

நிற்கவில்லை! 1890-களில் பெட்ரோல் இன்ஜின் அவரைப் பிடித்துக்கொண்டது. தொட்டி ஃபேக்டரியின் முதலாளி, நாள் பூராவும் இன்ஜின் பக்கத்திலேயே நின்றார். கூட்டாளி ஷெர்வுட் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். தொட்டியா, இன்ஜினா என்ற நிலை வந்தபோது பியூக் இன்ஜினைத் தேர்ந்தெடுத்தார். தொழில் விற்கப்பட்டது. விலை 1,00,000 டாலர். அந்தக் காலத்தில் அது பரம்பரைக்கே உட்கார்ந்து சாப்பிடுகிற பணம்.

அவர் உட்காரவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. 1899-ல் பியூக் ஆட்டோ-விம் அண்ட் பவர் கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கினார். படகுக்கும் பண்ணைக்கும் இன்ஜின் செய்வது தொழில். வால்டர் மார் என்கிற கெட்டிக்கார மெக்கானிக் வேலைக்கு வந்தார். இவர்கள் ஒரு சோதனைக் காரும் கட்டினார்கள். ஆனால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. சண்டை, பிரிவு. 1901-ல் அந்தக் காரை மாருக்கே 225 டாலருக்குக் கொடுத்துவிட்டார் பியூக். பிற்காலத்தில் லட்சக்கணக்கில் வந்த வரிசைக்கு முதல் வண்டி அது. இருநூற்று இருபத்தைந்துக்குக் கை மாறியது!

மார் போன இடத்தில் யூஜின் ரிச்சர்ட் வந்தார். பிரான்ஸில் பிறந்தவர். இந்தக் காலத்தில்தான் நம்ம சிலபஸில் இருக்கிற அந்த விஷயம் உருவானது.

கொஞ்சம் டெக்னிக்கலாகப் பேசலாம், பொறுத்துக்கோங்க. அப்போதைய இன்ஜின்களில் பெரும்பாலும் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருக்கும். சைடு வால்வு, எல்-ஹெட் என்று எழுதுகிறோமே அது. மேலே சிலிண்டர் ஹெட் என்பது கிட்டத்தட்ட சட்டிக்கு மூடி மாதிரிதான். செய்வது சுலபம், செலவு குறைவு. ஆனால் உள்ளே வருகிற மிக்ஸ்சர் கீழிருந்து மேலே ஏறி, திரும்பி, பக்கத்தில் இருக்கிற சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். கம்பஸ்ட்சன் சேம்பர் ஒரு பக்கமாகப் பரந்து கிடக்கும். பரப்பு அதிகம் என்றால் சூடு தண்ணீருக்குப் போய் வீணாகும். கம்ப்ரெஷனையும் அதிகம் ஏற்ற முடியாது.

பியூக் பட்டறையில் வால்வைத் தூக்கி பிஸ்டனுக்கு நேர் மேலே வைத்தார்கள். ஓவர்ஹெட் வால்வு. அவர்கள் வைத்த பெயர் வால்வ்-இன்-ஹெட். கீழே கேம், அதிலிருந்து புஷ் ராட், மேலே ராக்கர் ஆர்ம், அது வால்வை அமுக்கும். மிக்ஸ்சர் நேராக உள்ளே விழுகிறது, எரிந்த புகை நேராக வெளியே போகிறது. சேம்பர் கச்சிதமாக இருக்கிறது. அதே அளவு சிலிண்டரிலிருந்து கூடுதல் பவர். தொந்தரவும் உண்டு. உறுப்புகள் அதிகம், டேப்பெட் கிளியரன்ஸ் பார்த்துக்கொண்டே இருக்கணும், வால்வு உடைந்தால் நேராக பிஸ்டன் தலையில் விழும். இருந்தும் ஜெயித்தது அதுதான்.

இதைக் கண்டுபிடித்தது யார்? இங்கேதான் சிக்கல். 1904-ல் கிடைத்த பேட்டண்ட் ரிச்சர்டின் பெயரில் இருக்கிறது. மாருக்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பட்டறை பியூக்குடையது, பணம் பியூக்குடையது, பைத்தியமும் பியூக்குடையது. நாலு பேர் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்துவிட்டு வைவா அன்றைக்கு யார் எதைச் செய்தது என்று எக்ஸ்டர்னல் கேட்டால் நாம முழிப்போமே, அந்த மாதிரி. மூன்று பேர் கையும் அதில் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. மூவரில் இரண்டு பேரின் பெயர் காணாமல் போய், ஒருவரின் பெயர் மட்டும் வண்டியில் நின்றது.

பெயர் நின்றது சரி. பணம்? குளியல் தொட்டியில் வந்த லட்சம் டாலர் மூன்று வருடத்தில் கரைந்துவிட்டது! ஒரு இன்ஜின் ஓடும், உடனே அதைக் கழற்றி இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்யலாம் என்று உட்கார்ந்துவிடுவார். கஸ்டமர் கையில் வண்டி போய்ச் சேராது. எங்க பேட்சில் இப்படி ஒருத்தன் இருக்கான். ஃபிட்டிங் ஜாப்பை சைசுக்குக் கொண்டுவந்த பிறகும் ஃபைலைக் கீழே வைக்க மாட்டான். தேய்த்துத் தேய்த்து அண்டர்சைஸ் ஆக்கிவிட்டு இன்னொரு பீஸ் கேட்பான். கை சுத்தம், மார்க் குறைவு.

1902-ன் கடைசியில் பியூக் கடனில் இருந்தார். கடன் கொடுத்தவர் பெஞ்சமின் பிரிஸ்கோ, தகடு வேலை செய்கிற கம்பெனி முதலாளி. 1903 மே மாதம் பியூக் மோட்டார் கம்பெனி என்று பதிவானது. முதல் 1,00,000 டாலர். அதில் பிரிஸ்கோவின் பங்கு 99,700. பியூக்கின் பங்கு 300. நான் எழுதியதில் பிழை இல்லை, முந்நூறுதான். சுமார் 3,500 டாலர் கடனை செப்டம்பருக்குள் திருப்பிக் கொடுத்தால் கம்பெனி முழுவதும் பியூக்குக்கு வந்துவிடும், இல்லையென்றால் பிரிஸ்கோவுக்கு. இப்படி ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கெடுவுக்குள் அவரால் பணம் புரட்ட முடியவில்லை.

இந்த இடத்தில் பல புத்தகங்கள் அவரை ஏமாந்த அப்பாவியாகக் காட்டுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேப்பரில் என்ன எழுதியிருந்தது என்பது அவருக்குத் தெரியும். இருபது வருடம் ஃபேக்டரி நடத்தியவர் அவர். அவருக்கு அந்த நிமிடம் தேவைப்பட்டது இன்னும் ஆறு மாதம் பட்டறையை ஓட்டப் பணம். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

பிரிஸ்கோவுக்கும் பொறுமை போய்விட்டது. அவர் மேக்ஸ்வெல் என்பவரோடு வேறு கார் செய்யப் போய்விட்டார். பியூக் கம்பெனியை ஃப்ளின்ட் என்கிற ஊரில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்தவர்களுக்கு விற்றார். ஃப்ளின்ட் வேகன் ஒர்க்ஸ், அதன் தலைவர் ஜேம்ஸ் வைட்டிங். குதிரை வண்டிக் காலம் முடியப் போகிறது என்பதை முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர். கம்பெனி டெட்ராய்ட்டிலிருந்து ஃப்ளின்ட்டுக்குப் போனது. பியூக்கும் கூடவே போனார், இன்ஜினோடு சேர்ந்த ஒரு சாமான் மாதிரி. வால்டர் மாரும் பழைய சண்டையை மறந்து திரும்பி வந்து சேர்ந்தார்.

1904 ஜூலை. பாடி கட்டாத வெறும் சேஸிஸ், அதன் மேல் இரண்டு சீட். மாரும், பியூக்கின் மகன் டாமும் ஏறி உட்கார்ந்தார்கள். ஃப்ளின்ட்டிலிருந்து டெட்ராய்ட் போய்த் திரும்ப வேண்டும். அந்தக் காலத்து ரோடு என்றால் குதிரைக் குளம்பு குழப்பிய சேறுதான். திரும்பி வரும்போது சுற்று வழியாக 115 மைல் தூரத்தை 217 நிமிடத்தில் கடந்தார்கள். கணக்குப் போட்டால் மணிக்கு 30 மைலுக்கு மேல். முகமெல்லாம் சேறு அப்பிய நிலையில் ஃப்ளின்ட் தெருவில் வந்து இறங்கினார்கள். அந்த ஓட்டத்துக்குப் பிறகுதான் வைட்டிங் விற்பனைக்குக் கார் செய்யச் சம்மதித்தார்.

அந்தக் கார் மாடல் பி. சீட்டுக்கு அடியில் எதிரும் புதிருமாகப் படுத்த இரண்டு சிலிண்டர், 159 கன அங்குலம், நம்ம கணக்கில் 2.6 லிட்டர். சுமார் 22 குதிரை சக்தி. விலை 950 டாலர். 1904-ஆம் வருடம் முழுவதும் செய்தது 37 கார்.

முப்பத்தேழு காரோடு மூடியிருக்க வேண்டிய கம்பெனி. வைட்டிங்கிடமும் பணம் இல்லை. அப்போதுதான் வில்லியம் டூரன்ட் உள்ளே வருகிறார். அதே ஃப்ளின்ட்டில் குதிரை வண்டி விற்றுப் பெரிய ஆளானவர். காரின் சத்தமும் நாற்றமும் பிடிக்காதவர். ஒரு பியூக்கை எடுத்துக்கொண்டு மோசமான ரோடுகளில் வாரக்கணக்கில் தானே ஓட்டிப் பார்த்தார். மேடு ஏறுகிறதா, சேற்றில் மாட்டுகிறதா, எங்கே நிற்கிறது என்று. பிறகு 1904 நவம்பர் 1-ஆம் தேதி கம்பெனியின் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் நியூயார்க் கார் கண்காட்சிக்குப் போய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட காருக்கு ஆர்டர் பிடித்து வந்தார். அதுவரை கம்பெனி செய்து முடித்தது வெறும் நாற்பதுக்குள்! விற்பது என்றால் இது விற்பது.

நாலு வருடத்தில் நிலைமை தலைகீழ். 1908-ல் எட்டாயிரத்துக்கும் மேல் கார் செய்து அமெரிக்காவிலேயே முதலிடத்தில் நின்றது பியூக். அந்த வருடம் செப்டம்பர் 16-ஆம் தேதி, பியூக்கை அஸ்திவாரமாக வைத்து டூரன்ட் ஒரு புதிய கம்பெனியைப் பதிவு செய்தார். அதுதான் ஜெனரல் மோட்டார்ஸ். பிற்பாடு உலகத்திலேயே பெரிய கார் கம்பெனி ஆனது. கேடிலாக், ஓல்ட்ஸ்மொபைல், பான்டியாக், செவர்லே எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. பியூக்தான் மூத்த பிள்ளை. அந்த ஃப்ளின்ட் ஃபேக்டரி ஒரு பள்ளிக்கூடம் மாதிரியும் இருந்தது. செவர்லே காருக்குப் பெயர் கொடுத்த லூயி செவர்லே, பியூக் டீமில் ரேஸ் ஓட்டினவர். சார்லஸ் நாஷும் வால்டர் கிரைஸ்லரும் பியூக்கை நிர்வகித்துவிட்டுப் போய்த்தான் சொந்தப் பெயரில் கார் கம்பெனி வைத்தார்கள்.

இத்தனை கொண்டாட்டத்தில் டேவிட் பியூக் எங்கே?

காணோம். டூரன்ட் வந்த பிறகு ஃபேக்டரியின் வேகமே வேறு. ஒரு நாளைக்கு இத்தனை கார் வெளியே போகணும் என்று கணக்கு. கழற்றி மாட்டிப் பார்க்கிற மனிதருக்கு அங்கே நாற்காலி மட்டும்தான் இருந்தது, வேலை இல்லை. 1906 வாக்கிலேயே அவர் ஒதுங்க ஆரம்பித்துவிட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் வளர்ந்த காலத்தில் பியூக்கில் பியூக் இல்லை. கையில் இருந்த பங்குகளை மட்டும் அசையாமல் வைத்துக்கொண்டிருந்தால்கூடப் பெரும் பணம் ஆகியிருக்கும். அதுவும் கையை விட்டுப் போனது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எழுதவே கஷ்டமாக இருக்கு. கலிஃபோர்னியாவில் எண்ணெய்க் கிணறு, நஷ்டம். மகனோடு சேர்ந்து கார்புரேட்டர் தொழில், நிற்கவில்லை. 1921-ல் லொரைன் மோட்டார்ஸ் என்கிற சின்ன கார் கம்பெனிக்குத் தலைவர், அதுவும் நீடிக்கவில்லை. ஃப்ளோரிடாவில் நிலம் வாங்கி விற்கிற வியாபாரம், அதிலும் அடி. 1923-ல் மறுபடி ஒரு கார் டிசைன் செய்தார். வயது அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது இருக்கும். பியூக் என்ற பெயர் ஏற்கெனவே வேறொரு கம்பெனியின் சொத்து. தன் காருக்கு அவர் வைத்தது நடுப்பெயரை. டன்பார். அது சந்தைக்கே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் டெட்ராய்ட்டுக்குத் திரும்பி, அந்தத் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். அங்கே படித்த பையன்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 1928-ல் ஒரு பத்திரிகைக்காரர் தேடி வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதினார். அதைப் படித்துத்தான் பல பேருக்கு அவர் உயிரோடு இருப்பதே தெரிந்தது. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் அந்தப் பத்திரிகைக்காரரிடம் புலம்பவில்லை. இன்னும் ஏதாவது செய்யலாம் என்கிற நம்பிக்கையோடுதான் இருந்தார். அடுத்த வருடம், 1929 மார்ச் 5-ஆம் தேதி, டெட்ராய்ட் ஹார்ப்பர் மருத்துவமனையில் இறந்தார். வயது 74. உட்மியர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

டூரன்ட்டின் முடிவும் கேளுங்க. ஜெனரல் மோட்டார்ஸை இரண்டு தடவை கையில் பிடித்து இரண்டு தடவையும் இழந்தார். 1936-ல் திவால். கடைசிக் காலத்தில் அதே ஃப்ளின்ட்டில் பவுலிங் விளையாட்டுக்கூடம் நடத்தினார். விற்கத் தெரியாதவரும் கரைந்தார், விற்கத் தெரிந்தவரும் கரைந்தார். ஆக பியூக்குக்கு வியாபார புத்தி இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. அந்தத் தொழிலே அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது போலும்.

மனிதர் போனார், வண்டி ஓடியது. அவர் இறந்த ஏழாவது வருடம், 1936 மாடலில், ரோட்மாஸ்டர் வந்தது. எட்டு சிலிண்டர் ஒரே வரிசையில், 320 கன அங்குலம், அதாவது 5.2 லிட்டர், 120 குதிரை சக்தி. அடுத்த வீட்டு ஃபோர்டு எல்லாம் சைடு வால்விலேயே ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பியூக்கில் வால்வு தலைக்கு மேலேதான். விளம்பரத்திலேயே வால்வ்-இன்-ஹெட் என்று பெரிதாகப் போடுவார்கள். 1948-ல் ரோட்மாஸ்டரில் டைனாஃப்ளோ வந்தது. டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன். கியர் மாறுவதே தெரியாமல் தண்ணீரில் வழுக்குகிற மாதிரி போகும், ஆனால் எடுத்தவுடன் பாயாது. 1949-ல் முன்பக்க ஃபெண்டரில் வட்ட வட்டமாக ஓட்டை வைத்தார்கள். ரோட்மாஸ்டருக்குப் பக்கத்துக்கு நாலு, மற்ற பியூக்குக்கு மூன்று. தூரத்தில் வரும்போதே யார் வீட்டு வண்டி என்று எண்ணிச் சொல்லிவிடலாம். இப்படி ஒரு பந்தா!

1959-ல் பழைய பெயர்களைத் தூக்கிவிட்டு லெசாப்ர், இன்விக்டா, எலெக்ட்ரா என்று புதிய வரிசை. லெசாப்ர் என்றால் பிரெஞ்சில் வாள். ஜெட் விமானத்தைப் பார்த்து ஹார்லி ஏர்ல் என்கிற டிசைனர் 1951-ல் செய்து காட்டிய ஒரு கண்காட்சிக் காரிலிருந்து எடுத்த பெயர். எலெக்ட்ரா 225 என்ற மாடலில் 225 என்பது இன்ஜின் அளவு இல்லை, வண்டியின் நீளம். 225 அங்குலம்! நம்ம ஊர் அம்பாசடர் 4.3 மீட்டர் சொச்சம். இது 5.7 மீட்டர். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலையும், 1975-ல் வந்த மைலேஜ் சட்டமும் சேர்ந்து இந்தக் கப்பல்களை இளைக்க வைத்தன. 1977-ல் எல்லாம் சிறிதாயின. 1986-ல் லெசாப்ர் முன்சக்கர டிரைவ் ஆனது.

இளைத்த லெசாப்ர்தான் நன்றாக விற்றது என்பது வேடிக்கை. 1990-களில் அமெரிக்காவின் முழு அளவு கார்களில் அதிகம் விற்ற வண்டிகளில் அது முன்னால் நின்றது. ரோட்மாஸ்டர் பெயர் 1991-ல் ஒரு தடவை திரும்பி வந்து 1996-ல் முடிந்தது. லெசாப்ர் 2005 வரை தாக்குப்பிடித்தது. கடைசி லெசாப்ர்களில் இருந்தது 3.8 லிட்டர் வி-6, 205 குதிரை சக்தி. மற்ற கம்பெனிகள் எல்லாம் கேமையே தலைக்கு மேல் கொண்டுபோய் இரண்டு கேம், மூன்று வால்வு, நாலு வால்வு என்று போய்விட்ட காலத்திலும், அதில் கேம் கீழே, புஷ் ராட், ராக்கர் ஆர்ம், மேலே வால்வு. மாடல் பி-யில் இருந்த அதே ஏற்பாடு. நூறு வருடம்!

இன்னொன்று. 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸின் டிசைன் ஆள் ஒருவர் டெட்ராய்ட் பொது நூலகத்தில் தேடி, ஸ்காட்லாந்தின் பழைய பியூக் குடும்பத்துக்கு ஒரு கேடயச் சின்னம் இருந்ததைக் கண்டுபிடித்தார். 1937 மாடல் முதல் அது காரின் முகப்பில் ஏறியது. 1959-ல் லெசாப்ர், இன்விக்டா, எலெக்ட்ரா மூன்றுக்கும் ஒவ்வொன்றாக மூன்று கேடயம் ஆனது. பியூக் வண்டிகளில் இப்போதும் அந்த மூன்று கேடயம்தான். 2012-ல் ஃப்ளின்ட் ஊர்க்காரர்கள் டேவிட் பியூக்குக்கு ஒரு சிலை வைத்தார்கள்.